வாபஸ் வாங்கும் நாள்

வேட்பு மனுப் பரிசீலனையில் தேர்தல் நடத்தும் அலுவலர் முதலில் கலியமூர்த்தியின் பெயரைத்தான் வாசித்தார். ஒன்றிய அலுவலகக் கூட்ட அறையில் மின்விசிறிக்கு நேர்கீழே, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையுடன் நின்றிருந்த கலியமூர்த்தி, பெயர் காதில் விழுந்ததும் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். அது அவருடைய பழக்கம். மேடையில் அழைத்தாலும் சரி, கோயிலில் பரிவட்டம் கட்டக் கூப்பிட்டாலும் சரி, ஓர் அடி எடுத்து வைப்பதற்கு முன்னால் துண்டு ஒழுங்காக இருக்கவேண்டும். அலுவலர் இளைஞர். தலையை நிமிர்த்தாமலே, இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டவர் தேர்தலில் நிற்கத் தகுதியற்றவர் என்பதால் இம்மனு தள்ளுபடி செய்யப்படுகிறது என்று, பேருந்து நிலையத்தில் தடங்களை அறிவிப்பவரைப் போல ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார். "தட்சிணாமூர்த்தி, தகப்பனார் பெயர் வைத்தியலிங்கம். மனு ஏற்கப்படுகிறது."

தட்சிணாமூர்த்தி, கலியமூர்த்தியின் மனைவி திலகவதிக்கு உடன்பிறந்த தம்பி. ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்கிறவர்கள், எதற்கும் இருக்கட்டும் என்று நம்பிக்கையான ஒருவரையும் மனுப் போடச் செய்வது அந்தப் பக்கத்து வழக்கம். டம்மி என்பார்கள். டம்மி சொந்தக்காரனாக இருக்கவேண்டும். எழுந்திரு என்றால் எழுந்துவிட வேண்டும். தனக்கென்று ஆசை எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. இதற்கெல்லாம் மச்சானை விட்டால் ஆள் கிடையாது என்று முடிவு செய்தவர் கலியமூர்த்திதான். முன்மொழிபவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவரேதான். போடும்போது, "உன்னயெல்லாம் தலைவரு பதவிக்கு முன்மொழியறேன் பாரு மச்சான், காலம் கெட்டுப்போச்சு" என்று சொல்லிச் சிரித்திருந்தார். தட்சிணாமூர்த்தியும் கூடச் சிரித்தான். இப்போது அவன் சிரிக்கவில்லை. தன் பெயர் ஏற்கப்பட்டதற்குத் தானே ஏதோ தப்புச் செய்துவிட்டவன் போல, மாமாவின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பணிவைக் கண்டு கலியமூர்த்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே தாழ்வாரத்தில், எதிர்த்து நிற்கும் ராமாமிர்தம் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு காத்திருந்தார். கரும்பு வெட்டுக்கு ஆள் அனுப்பும் மேஸ்திரி; எந்த இடத்தில் வெட்டினால் சாறு வடியும் என்று மனிதர்களிடத்திலும் அறிந்தவர்.

"என்னா ஏ-ஒன்னு, ஏ-டூவுக்கு வழி வுட்டுட்டீங்க போலருக்குது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கலியமூர்த்தியும் சிரித்துத்தான் ஆகவேண்டியிருந்தது, ஏனென்றால் ஏ-ஒன், அதாவது வழக்கில் முதல் குற்றவாளி, என்பது அவரே விரும்பிச் சுமந்துகொண்டிருந்த பட்டம்.

சில ஆண்டுகளுக்கு முன் மழை வெள்ளத்தில் ஊர் வாய்க்கால் பாலம் அடித்துக்கொண்டு போயிற்று. கரும்பு ஏற்றிய வண்டிகள் ஊரைச் சுற்றிக்கொண்டு போகவேண்டிய நிலை வந்தபோது, கலியமூர்த்தி ஊராரைத் திரட்டிக் கடலூர்ச் சாலையில் மறியலுக்கு உட்காரவைத்தார். அந்தக் கூட்டத்தில் யாரோ எறிந்த கல் அரசுப் பேருந்தின் கண்ணாடியில் பட்டது. எறிந்தது யார் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. காவல் நிலையத்தில் எழுத்தர், பேருந்துக்குப் பக்கத்தில் பிடிபட்டவன் என்பதால் தட்சிணாமூர்த்தியின் பெயரை முதலாவதாக எழுதினார். இரண்டாவதாகக் கலியமூர்த்தி. மேசைக்கு மேலாக எட்டிப் பார்த்த கலியமூர்த்திக்கு அந்த வரிசை பொறுக்கவில்லை.

"சார், ஆளு கூட்டுனது நானு. மைக்குல பேசுனது நானு. நான் இருக்கச்சொல்ல அவன் பேரு எப்பிடி சார் மொதல்ல வரும்?"

எழுத்தர் பேனாவை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "யோசிச்சிச் சொல்லுங்க பெரியவரே."

"இதுல யோசிக்கறதுக்கு என்னா இருக்குது?"

எழுத்தர் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார். குற்றப்பட்டியலில்கூட மச்சானுக்குப் பின்னால் நிற்க மனம் ஒப்பாதவர் கலியமூர்த்தி. அதற்கு அவருக்குக் காரணமும் இருந்தது. ஊரில் யார் வீட்டு மோட்டார் நின்றாலும் அவனைத்தான் கூப்பிட்டார்கள். பிரசவம் என்றால் ஆஸ்பத்திரி வாசலில் அவன்தான் நின்றான். அவர் பெற்ற மகள் ஸ்ரீமதியே, பள்ளியில் பரிசு வாங்கினால் அப்பாவிடம் காட்டுவதற்கு முன்னால் மாமன் வீட்டுக்குத்தான் ஓடுவாள். அவனோ இவற்றில் எதையும் கேட்டுப் பெற்றதில்லை. கேட்டுப் பெற்றிருந்தால் கலியமூர்த்தியால் அவனை மன்னித்திருக்க முடியும். தாம் நாள்முழுக்கத் துண்டைச் சரிசெய்து சரிசெய்து ஈட்டியதை, அவன் எண்ணெய்க் கறை படிந்த கையோடு சும்மா நின்றே பெற்றுக்கொண்டிருந்தான்.

வழக்கு கடலூர் நீதிமன்றத்தில் வாய்தா வாய்தாவாக இழுத்தது. கூட்டத்தைத் தூண்டிவிட்டவர் என்று முதல் ஆளுக்கு இரண்டாண்டுச் சிறை. மற்றவர்களுக்குச் சந்தேகத்தின் பலனில் விடுதலை. தீர்ப்பைக் கேட்டுத் தட்சிணாமூர்த்தி தேம்பி அழுதான். கலியமூர்த்தி அழவில்லை. அவரை ஏற்றிக்கொண்டு வேன் கேப்பர் மலைச் சிறைக்குக் கிளம்பும்போது, கம்பிக்கு உள்ளேயிருந்து ஊராருக்குக் கும்பிடு போட்டார். மேல்முறையீடு செய்து ஜாமீனில் வந்த நாளில் ஊர் எல்லையிலேயே மாலை போட்டு அழைத்துப் போனார்கள். ஏ-ஒன் என்ற பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. இந்த வேட்பு மனுவிலும், வழக்கு விவரம் கேட்ட இடத்தில் மற்றவர்கள் தயங்கித் தயங்கி எழுதுவதை, அவர் கொட்டை எழுத்தில் நிறைவாக எழுதிக் கொடுத்திருந்தார். ஜாமீனில் வந்தாயிற்று, தண்டனையையும் நிறுத்திவைத்தாயிற்று, இனி என்ன தடை என்பது அவருடைய கணக்கு.

அன்று சாயங்காலம் அவர் வீட்டு முற்றத்தில் கூடியிருந்தவர்கள், துக்கம் விசாரிப்பவர்களைப் போல ஆளுக்கொரு வார்த்தை சொல்லிவிட்டு, ஒருவர் பின் ஒருவராக எழுந்து அடுத்த தெருவுக்குப் போனார்கள். பிறகு இளைஞர்கள் சிலர் வந்து, காலியான பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கினார்கள்.

"அதயேன்டா தூக்கறீங்க?" என்றார் கலியமூர்த்தி.

"தம்பி வூட்டுல நாக்காலி பத்தலியாம்" என்றாள் திலகவதி. வாசற்படியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை. "சும்மாதான கெடக்குது."

"நீயும் போயேன். தலைவரு அக்காளாச்சே."

"சட்டம் சொன்னதுக்கு அவன் என்னாங்க பண்ணுவான்? அவன் காலயிலேருந்து வயித்துக்கு ஒண்ணும் தின்னல."

"அதான் ஊரே ஊட்டி வுடப் போவுதே!"

திலகவதி உரித்த தொலியைக் கூட்டி முறத்தில் அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. கணவனுக்கும் தம்பிக்கும் நடுவில் வாழ்ந்து பழகியவள், எந்த வார்த்தைக்கு எழுந்து போகவேண்டும் என்று தெரிந்துவைத்திருந்தாள்.

மறுநாள் காலைப் பேருந்தில் கலியமூர்த்தி சிதம்பரம் போனார். கீழ வீதியில், பூக்கடைகளுக்கு மேலே உள்ள மாடியில், அவருடைய மேல்முறையீட்டை நடத்தும் வக்கீல் அந்தோணிசாமியின் அறை இருந்தது. வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே சொன்னார்.

"தண்டனையத்தான் நிறுத்தி வச்சிருக்காங்க. குற்றவாளின்னு சொன்னத நிறுத்தலியே. அது வேற, இது வேற. மனு போடறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"இப்ப ஒண்ணும் பண்ண முடியாதா சார்?"

"இந்தத் தேர்தலுக்கு முடியாது. நீங்க ஓட்டுப் போடலாம். முன்மொழியலாம். பிரசாரம் பண்ணலாம். நிக்கத்தான் கூடாது." வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புன்னகை செய்தார். "நேத்தே உங்க மச்சான் போன் பண்ணிக் கேட்டாரு. எங்க மாமாவுக்கு எதாச்சும் வழி இருக்குதா சார், ஐகோர்ட்டுக்கு வேணாலும் போலாம்னு. நல்ல மனுஷர். அவர் வர்றது உங்க ஊருக்கு நல்லதுதானே?"

தமக்காக நீதிமன்றத்துக்குப் போகும் பெருமையையும் அவன் முந்திக்கொண்டு எடுத்துக்கொண்டான் என்பதை நினைத்தபடி, வக்கீலிடம் சொல்லிக்கொள்ளாமலே கலியமூர்த்தி மாடிப்படி இறங்கினார். நடராசர் கோயில் கோபுரம் எதிரே தெரிந்தும் கும்பிடத் தோன்றவில்லை. அதே ஊரில் தெற்கு வீதிச் சந்தில் ஸ்ரீமதியைக் கட்டிக்கொடுத்த வீடு இருந்தது. மகள் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "மாமா நின்னா என்னாப்பா, நம்ம வூடுதான?" என்றாள். அவளுடைய கைப்பேசி மேசைமேல் கிடந்தது. வாட்சப்பில் அவள் வைத்திருந்த படத்தில் தட்சிணாமூர்த்தி, சங்கடப்பட்டுச் சிரிப்பவனைப் போல, வாயை முக்கால்வாசி மூடிக்கொண்டு நின்றிருந்தான். கீழே ரோஜாப்பூக்கள். அப்பா சிறைக்குப் போன நாளிலும் சரி, திரும்பி வந்த நாளிலும் சரி, அவள் அப்பாவின் படத்தை அப்படி வைத்ததில்லை. மோரில் உப்பு ஜாஸ்தி என்று சொல்லிப் பாதியிலேயே டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

திரும்பும் வழியில் கடலூரில் இறங்கவேண்டியிருந்தது. மஞ்சக்குப்பத்தில் ஒரு கடையில் வாக்குக் கேட்கும் நோட்டீஸ் அடிக்க அவர் முன்பே சொல்லி வைத்திருந்தார். அதை நிறுத்தச் சொல்வதற்குத்தான் போனார். கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்த சினேகா என்ற பெண், அவரைப் பார்த்ததும் உற்சாகமாக எழுந்தாள்.

"அங்கிள், உங்க ஊர்லேருந்து போன் வந்துச்சு. வேட்பாளரு மாறிட்டாராமே? உங்க போட்டோ பெருசாவும் அவரு போட்டோ சின்னதாவும் இருக்குது. மாத்திப் போட்டுடறேன், அவ்ளோதான். பாக்கறீங்களா?"

வேண்டாம் என்று சொல்வதற்குள் அவள் திரையை அவர் பக்கமாகத் திருப்பிவிட்டாள். கும்பிட்ட கையும் நெற்றியில் விபூதியுமாக இருந்த அவருடைய முகத்தின் மூலையைப் பிடித்து உள்ளே தள்ளினாள். முகம் சுருங்கிற்று. இன்னும் தள்ளினாள்; இன்னும் சுருங்கித் தீப்பெட்டிப் படம் போல ஆயிற்று. அதைத் தூக்கி மேல்மூலையில் வைத்தாள். தட்சிணாமூர்த்தியை இழுத்தாள், அவன் மறுப்பேதும் சொல்லாமல் பெரிதானான். எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது.

"உங்க பேருக்குக் கீழ என்னா அங்கிள் போடணும்?"

கலியமூர்த்தி திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஒண்ணும் போட வேணாம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

மனுவைத் திரும்பப் பெறுவதற்கு உரிய கடைசி நாளில், காலையிலேயே தட்சிணாமூர்த்தி அக்காள் வீட்டுக்கு வந்தான். யாரோ அவனுக்கு முடிவெட்டி விட்டிருந்தார்கள். புதுச் சட்டை; விறைப்பான கழுத்துப்பட்டை அவனை அறுத்துக்கொண்டிருந்தது. உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"மாமா, உங்களுக்குப் புடிக்கலன்னா நான் நிக்கல."

"நான் எப்படா புடிக்கலன்னு சொன்னேன்?"

"நீங்க சொல்லல." அவன் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தான். "வாபஸ் மனு. கையெழுத்துப் போட்டுட்டேன். முன்மொழிஞ்சவரு குடுத்தாலும் வாங்கிப்பாங்களாம், ஆபீஸ்ல கேட்டுட்டேன். நீங்களே வச்சிக்கங்க. குடுக்கணும்னு தோணிச்சின்னா குடுங்க. தோணலன்னா வுடுங்க. நான் ஒரு வார்த்த ஏன்னு கேக்க மாட்டேன்."

"ராமாமிர்தம் போட்டியில்லாமப் பூந்துடுவான், தெரியுமில்ல?"

"தெரியும் மாமா. அத்த நெனச்சா எனக்கு வயிறு எரியுது. ஆனா நீங்க என்னோட பேசாம இருந்தீங்கன்னா, நான் அந்தப் பதவில ஒக்காந்து என்னா பண்ணப் போறேன்?"

சமையலறை வாசலில் திலகவதி கரண்டியோடு நின்றாள். அடுப்பில் ஏதோ தீயும் வாடை வந்தது. அவள் நகரவில்லை. கலியமூர்த்தி அந்தத் தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாங்கியிருக்கக் கூடாது என்று அவருக்கே தெரிந்தது. ஆயினும் கை நீண்டுவிட்டது. திலகவதி ஒரு பெருமூச்சு விட்டுத் திரும்பினாள்.

ஒன்றிய அலுவலகத்துக்குப் போக ஊரே திரண்டு நின்றது. கலியமூர்த்தியின் டிராக்டரில் பெட்டியை மாட்டி அதில் ஆட்களை ஏற்றிக்கொண்டார்கள். டிராக்டரை அவர்தான் ஓட்டினார். தம் வண்டியை வேறு யாரிடமும் கொடுத்து அவருக்குப் பழக்கமில்லை. வழி நெடுக, ஸ்டியரிங்கை வளைக்கும்போதெல்லாம் பையில் அந்தத் தாள் மொடமொடத்தது. முடிவு முழுதாக அவர் கையில் இருந்தது, தாளை நீட்டினால் தீர்ந்தது. அன்றைக்கு யார் பெயர் இருக்கவேண்டும், யார் பெயர் இருக்கக் கூடாது என்று தீர்மானிக்கும் இடத்தில், எந்தச் சட்டமும் தடுக்க முடியாதபடி, அவர் உட்கார்ந்திருந்தார். இத்தனை நாளில் முதல்முறையாக மார்பு சற்று விரிந்தது.

அலுவலகத்தில் கூட்டம் அதிகம். உள்ளே போவதற்காக அவர் படியேறியபோது, கூடவே வந்திருந்த பூவம்மாள் அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். வயதானவள், அவருக்கு அத்தை முறை, குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாதவள்.

"ஏம்பா, தட்சணா வாபஸ் வாங்கிக்கறேன்னு கைப்பட எழுதி உங்கிட்டக் குடுத்துட்டானாமே? மெய்தானா?"

"யாரு சொன்னது?"

"யாரோ சொன்னாங்க. ஊருக்கே தெரியும். எம் புருசன், அண்ணன் தம்பிக்குள்ள ஒரு தென்னமட்டைய வுட்டுக்குடுத்ததில்ல. இவன் கைக்கு வந்த பதவிய, மாமன் மனசு நோவக் கூடாதுன்னு தூக்கிக் குடுக்கறானே, எந்தப் பொறப்புக்கு வரும் இந்த மனசு? நீ குடுத்து வச்சவன்பா."

பூவம்மாளின் கண்கள் கலங்கியிருந்தன. அவளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் தட்சிணாமூர்த்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வேப்பமரத்து நிழலில், கழுத்துப்பட்டைக்குள் விரலை விட்டுத் தளர்த்தியபடி, எவனோ பழுது என்று கொண்டுவந்த இருசக்கர வண்டியின் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

கலியமூர்த்தி உள்ளே போய் வரிசையில் நின்றார். பைக்குள் விரல் நுழைந்து தாளின் ஓரத்தைப் பற்றிக்கொண்டது. பற்றியபடியே நின்றபோது அவருக்கு எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. நின்று ஜெயித்தால் அவன் வெறும் தலைவன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும், தெருவிளக்கு எரியவில்லை என்றாலும், ஊர் அவனை ஏசும்; ஐந்தாண்டு முடிந்தால் இறக்கியும் விடும். இந்தத் தாளை நீட்டினாலோ, அவன் மாமனுக்காகப் பதவியை விட்டவன். அவனை எந்தத் தேர்தலாலும் இறக்க முடியாது. பூவம்மாள் சாகும்வரை சொல்லுவாள்; அவள் பேத்திகள் சொல்லுவார்கள்; ஸ்ரீமதி தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது சொல்லுவாள். அந்தக் கதையில் தம்முடைய பெயர் எந்த இடத்தில் வரும் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

"வாபஸ் மனு வேற எதாவது இருக்குதுங்களா?" என்று அந்த இளம் அலுவலர் பொதுவாகக் கேட்டார். பிறகு முகம் தெரிந்து, "நீங்கதான தட்சிணாமூர்த்திக்கு முன்மொழிஞ்சவரு? எதாவது சொல்லணுமா?" என்றார்.

"இல்லீங்க சார்" என்றார் கலியமூர்த்தி. சொன்னவுடன் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

நேரம் முடிந்ததும் சின்னம் ஒதுக்கினார்கள். தட்சிணாமூர்த்திக்குப் பூட்டும் சாவியும் கிடைத்தது. விஷயம் தெரிந்ததும் அவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, அத்தனை பேர் நடுவிலும், புதுச் சட்டை மண்ணில் புரள, மாமாவின் காலில் விழுந்தான். "எந்திரிடா, எந்திரி" என்று கலியமூர்த்தி அவனைத் தூக்கினார். அவனுடைய கண்ணீர் உண்மையானது. அது உண்மையானதாக இல்லாமல் இருந்திருக்கக் கூடாதா என்று அவருக்குத் தோன்றிற்று. யாரோ கைதட்டினார்கள்; ராமாமிர்தம்கூட வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பெரிய மனுசன்யா நீ" என்றார். அந்த ஒரு சொல்லை எத்தனையோ ஆண்டுகளாக அவரிடமிருந்து கேட்கக் காத்திருந்தவர்தான் கலியமூர்த்தி. வந்து சேர்ந்தபோது அதில் ருசி இல்லை.

திரும்பும்போது தட்சிணாமூர்த்தியை வழக்கம் போலப் பெட்டியின் தரையில் உட்கார விடவில்லை. கழுத்தில் மாலையைப் போட்டு முன்பக்கம் நிற்கவைத்தார்கள். வழியில் வருகிறவர்களையெல்லாம் கும்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். கலியமூர்த்தி ஏறி உட்கார்ந்து டிராக்டரைக் கிளப்பினார். பக்கக் கண்ணாடியில், நேர் பின்னால், வெள்ளையாக அவன் நின்றான். ஊரை நோக்கித் திரும்பும் சாலை மழைக்குப் பிறகு குண்டும் குழியுமாகக் கிடந்தது. ஒவ்வொரு பள்ளத்தையும் ஒதுக்கி, தண்ணீர் தளும்பாமல் ஓட்டத் தெரிந்த கை அவருடையது. முதல் பள்ளம் வந்தபோது அவர் ஒதுக்கவில்லை. பெட்டி தூக்கிப் போட்டது, பெண்கள் கத்தினார்கள், கண்ணாடியில் கும்பிட்ட கைகள் பிரிந்து பெட்டியின் விளிம்பைப் பற்றின. சாலை சமமானதும் மெல்ல விளிம்பை விட்டு மறுபடியும் குவிந்தன. கலியமூர்த்தி கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்து, அடுத்த பள்ளம் எங்கே என்று சாலையைப் பார்த்தார்.